ரின்னுக்குள் இருபது புளியங்கொட்டை

நேற்றுப் பின்னேரம் பாரூக்கின் கடையில் ஒரு பெட்டி பிரித்தோம். காத்தான்குடியில் அவனுடைய கொப்பி, பேனைக் கடை இப்போது இரண்டு மாடி. நீ கண்டிருந்தால் விடாமல் கிண்டல் பண்ணியிருப்பாய். பெட்டியைத் திறந்ததும் புது பிளாஸ்ரிக் மணம் முகத்தில் அடித்தது. உருட்டி விளையாடுகிற இருபது முகக் காய்கள் ஆறு, நான்கு முகம் எட்டு முகம் என்று சின்னக் காய்கள், சதுரக்கோட்டுத் தாள், பென்சில், அழிறப்பர். எல்லாவற்றுக்கும் அடியில் மூன்றாக மடித்த தடித்த மட்டை ஒன்று. மேசையில் நிறுத்தி வைத்தால், கதை நடத்துகிறவர் அதற்குப் பின்னால் காயை உருட்டலாம். என்ன விழுந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

"இது ஒனக்கு எதுக்கு மச்சான்?" என்றான் பாரூக். "எல்லாம் தொறந்து கிடக்கணும் எண்டு சொல்ற ஆள் நீதானே?"

நான் மட்டையை மடித்து வைத்தேன். நகரத்தில் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்கிற இரண்டு பேர் என்று ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்து கதை விளையாட்டுத் தொடங்குகிறார்கள். நடத்த நான் வேண்டுமாம். என்னென்ன வாங்குவது என்று நான் எழுதிக் கொடுத்த தாளில் அந்த மட்டைதான் முதலாவது. ஏன் என்று பாரூக்குக்குச் சொல்வதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டும்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த பிறகு, ஆரையம்பதிப் பக்கத்துப் பள்ளிக்கூட முகாமில் நிவாரணப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது நம் இருவரின் வேலையாக இருந்தது. நம்முடைய வெயிலுக்கு யாரோ கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தார்கள். ஒரு பெட்டி நிறையக் குதி உயர்ந்த சப்பாத்து. அப்படி ஒரு பெட்டிக்குள்தான் அந்தப் புத்தகம் கிடந்தது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து என்ன செய்கிறோம் என்று சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகக் காய் தீர்மானிக்கிற விளையாட்டு. புத்தகம் இருந்தது, காய் இல்லை. நீ அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு, அகராதியோடு பத்து நாளில் அதைப் படித்து முடித்தாய்.

சாமான் சேர்ப்பதில் நீ பிடித்த பிடிவாதம் எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பாத்திரங்களின் பலத்தைக் குறிக்கப் பென்சில்தான் வேண்டும் என்றாய், பேனை கூடாது. புத்தகத்தில் அழகழகான வரைபடங்கள் இருந்தும் நீ ஒன்றுகூடக் கீறவில்லை. "சோதனைச் சாவடியில கொப்பியத் திறந்து பாத்தானெண்டா, இது இல்லாத ஊர்ர படம் எண்டு ஆர் விளங்கப்படுத்துற?" என்று கேட்டாய். தீப்பெட்டியை வீடாகவும் செருப்பை மலையாகவும் வைத்து, விளையாட்டு முடிந்ததும் கலைத்துவிடுவாய். காய்க்குப் பதிலாக வைத்துக்கொள்ளப் பாரூக் ஒரு பை நிறையச் சோழி கொண்டுவந்தபோது, "கடல் சாமான் வேணாம்டா" என்று திருப்பிக் கொடுத்தாய். கடைசியில் வெற்றுப் பால்மாத் தகர ரின் ஒன்றுக்குள் இருபது புளியங்கொட்டை. ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் ஒரு எண். பாராமல் கையை விட்டு எடுக்க வேண்டும், பெரிய எண் என்றால் நல்லது.

நான், பாரூக், முகாமில் இருந்த ரஜனி அக்கா, நடத்துவதற்கு நீ. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்வகுப்பறையில் கூடுவோம். ரஜனி அக்காவின் மகனுக்கு எட்டு வயது, கடல் கொண்டுபோய்விட்டது. பாத்திரத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது அக்கா யோசிக்காமல் மகனுடைய பெயரை எழுதினார். சுதன். உன்னை வெளியே கூட்டிப்போய், இது சரியில்லை என்றேன்.

"எழுதட்டும். ஆருக்கு நட்டம்?" என்றாய்.

உன் கதையில் மலை இருந்தது, கோட்டை இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சுதன் சுவர் ஏறுவான், பூட்டுத் திறப்பான், காவல்காரனை ஏமாற்றி ஓடுவான். ரின்னுக்குள் கைவிட அக்காவுக்குப் பயம். "நீயே எடு தம்பி" என்பார். நீ அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுப்பாய். முகாமுக்கு வந்த நாளிலிருந்து வாய் திறக்காத மனுசி, அந்த வகுப்பறையில் சிரித்ததை நான் கண்ணால் கண்டேன்.

நானோ கணிதம் படிப்பிக்கிறவன். சுதனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இருபது வருவது எனக்கு உறுத்தியது. ஒருநாள் யாரும் வருவதற்கு முன் ரின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். இருபது எழுதிய கொட்டையின் ஒரு ஓரம் சீமெந்துத் தரையில் உரசித் தட்டையாக்கப்பட்டிருந்தது. விரல் பட்டால் போதும், தெரிந்துவிடும்.

அன்றே உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் கோபமும் இல்லை என்று நினைக்கிறேன், உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற கெட்ட ஆசைதான் இருந்தது. பாரூக்கின் நானா, அவனுடைய அண்ணன், டோஹாவில் இருந்தார். அவரிடம் சொல்லி உண்மையான இருபது முகக் காய் ஒன்று எடுப்பித்தேன். நீலநிறம். அதை எல்லாருக்கும் முன்னால் மேசை நடுவில் வைத்து, "இனி அவங்கவங்க தன்ட கையால உருட்டவேணும், எல்லாருக்கும் தெரியிற மாதிரி" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ரின்னே காணும்டா, வேறொண்டும் வேணாம்" என்றாய்.

"ஏன், பயமா?" என்றேன்.

அக்கா காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வடிவாக் கிடக்கு" என்று சொல்லி, முதல்முறையாகத் தானே உருட்டினார். சுதன் அப்போது கோட்டைச் சுவரின் உச்சியில் நின்றான். காயில் விழுந்த எண் ஒன்று.

விட்டிருந்தால் நீ, கிளையில் மாட்டினான், வைக்கோலில் விழுந்தான் என்று எதையாவது சொல்லியிருப்பாய். நான்தான் முந்திக்கொண்டு புத்தகத்தை விரித்தேன். இவ்வளவு உயரம், இந்த எண், விழுந்தவன் பிழைக்கமாட்டான், இதுதான் விதி என்று வாசித்தேன். வாசித்த என் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. பாடம் நடத்துகிற குரல்.

"அப்ப இனி அவன் வரமாட்டானா?" என்று அக்கா கேட்டார், உன்னிடம்.

"வருவானக்கா, விழுந்த இடத்தில..." என்று தொடங்கினாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தால் யாரால் சொல்ல முடியும்? நீ நிறுத்திவிட்டாய். அக்கா காயை மெதுவாக மேசையில் வைத்தார். சுதனுடைய தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். மறுநாள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வகுப்பறைக்கு வெளியே, பழையபடி, சுவரைப் பார்த்து இருப்பார்.

"உனக்குச் சரியான விடைதான் வேணுமெண்டா பள்ளிக்கூடத்தில போய்ப் படிப்பி" என்று மட்டும் சொன்னாய். ரின்னை எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு தெருவில் கண்டாலும் தலையாட்டலோடு சரி. நான் செய்தது நியாயம் என்று எனக்கு நானே பல நாள் வாதாடினேன். ஏமாற்றினது நீ, நான் இல்லை. வாதத்தில் பிழை ஒன்றும் இல்லை. அக்காவின் முகம் மட்டும் அதைக் கேட்கவில்லை.

சண்டை திரும்பவும் தொடங்கி, வாவிக்கு அக்கரைப் படுவான்கரைச் சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு அதைக் கடந்து இக்கரைக்கு வந்தது. உன் குடும்பமும் வந்தது. இந்தப் பக்கம் சண்டை ஓய்ந்துவிட்டது, ஊருக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வீடு எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க நீ முன்னால் போனாய். காலைப் படகில் ஏறினதைக் கண்டவர்கள் உண்டு. வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எதுவும் உறுதியில்லை. முதல்நாள் படகு நேரம் கேட்கத் துறைக்குப் போகையில் என் வீட்டைக் கடந்துதான் போனாய். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். கூப்பிடலாம் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அதற்கு எனக்கு மன்னிப்பு இல்லை.

பிறகு வடக்கிலும் போர் முடிந்தது என்று நகரத்தில் வெடி கொளுத்திய அன்று உன் அம்மா என்னிடம் வந்தார். வன்னி முகாம்களில் நிறையப் பேரை வைத்திருக்கிறார்களாம், பெயர் பார்க்கப் போகவேண்டும் என்றார். நான் கூடப் போனேன். பெயரில்லை. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது அவரைப் பார்க்க அக்கரைக்குப் போகிறேன், இப்போது பாலம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி தந்துவிட்டு அதே கேள்வி.

"அவன் எங்கயாவது இருப்பானா மனே?"

"தெரியாதம்மா." வருடக்கணக்காக இதைத்தான் சொன்னேன். உண்மை அதுதானே. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விடுவார். அந்த முதுகு, அந்த வகுப்பறையிலிருந்து எழும்பிப்போன முதுகு மாதிரியே இருக்கும்.

இந்த வருடம் ஒருநாள் என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "இருப்பானம்மா. எங்கயோ ஒரு கடையில வேல செஞ்சிட்டிருப்பான்."

அம்மா என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "ஒனக்குப் பொய் சொல்லத் தெரியா மனே. அவன் நல்லாச் சொல்லுவான்" என்றார். எழும்பப் பார்த்தேன். அவர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு. என்ன கடை? சாப்பாடெல்லாம் எப்பிடியாம்?"

சொல்லத் தொடங்கினேன். இது பாவமா, இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன்னைப் பற்றி அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்து எல்லாம் உடைந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் போகிறேன், சொல்கிறேன். இப்போது உனக்கு ஒரு இரும்புக் கடையில் வேலை. மேல்மாடியில் அறை. முதலாளி நல்ல மனிதர், சமையல்காரன்தான் கறியெல்லாம் உறைப்பாகப் போடுகிறான் என்று போன ஞாயிறு சொல்லிவிட்டேன். உனக்கு உறைப்பு ஒத்துவராது என்று அம்மா அன்று முழுவதும் கவலைப்பட்டார். அடுத்த முறை போவதற்குள் உனக்கு வேறு சமையல்காரன் பார்க்க வேண்டும்.