இருபத்துமூன்று வியாழக்கிழமைகள்

பிப்ரவரி 27, வியாழன்

கண்காட்சி வேலையில் ஒன்பதாவது வாரம். சரியாக மூன்று மணிக்கு என் அறைச் சுவர் முன்னால் நின்றேன். ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து தரைக்கு இறங்கும் மயிரிழை விரிசல். அதன்மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலால் அப்படியே படியெடுத்தேன். பத்தே நிமிடம், அதற்கு மேல் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தாளைப் பார்த்துத் துணியில் நூல். சனிக்கிழமை நூலைப் பார்த்துச் செம்புக் கம்பி. ஞாயிறு கம்பியைப் பார்த்துக் களிமண். நடுவில் சந்தேகம் வந்தாலும் சுவரிடம் ஓடக் கூடாது. எல்லாம் உண்மை அளவில். சுவரைத் தொடக் கூடாது, பூசக் கூடாது, நல்லது கெட்டது சொல்லக் கூடாது. இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

மாடியில் அத்தானோடும் இரண்டு பெண்களோடும் குடியிருக்கும் என் அக்கா அதைப் படித்துவிட்டு, இந்த ஒழுங்கு பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாய் என்றாள். போகவில்லை. அவள் வீட்டுக்குக் கீழேதான் இருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

அத்தான் என் சுவரைப் பூசிவிட்டார்!

நூல் வாங்கப் போன இரண்டு மணி நேரத்தில். சிமெண்டைக் குழைத்து, விரிசல் முழுக்க அப்பிவிட்டு, பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கவே ஒரு மாதிரி இருந்ததாம். நான் போட்ட கூச்சலில் அக்காவின் சின்னவள் அழுதுவிட்டாள், ஆறு வயசு, பாவம். இருந்தாலும் ஒன்பது வாரம்! மனுஷி வயிறு எரியாமல் என்ன செய்யும்? கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டேன். இனி இந்த அறைக்குள் யாரும் வரப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

தாள் காலி. விதிப்படி காலியையும் படியெடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

சிமெண்டே பிளந்துவிட்டது! அதே தடத்தில், முன்பைவிடத் தெளிவாக. தனியாக நின்று கைதட்டிச் சிரித்தேன். அத்தானிடம் போய்ச் சொன்னேன். கலவை சரியில்லை போல என்று தலையைச் சொறிந்தார். மன்னித்துவிட்டேன். இந்த வாரத்திலிருந்து சிவப்பு நூல்.

மே 22, வியாழன்

கோடு நன்றாகப் பருத்துவிட்டது. நூல் நாலு இழை கோக்க வேண்டியிருக்கிறது, கம்பி இரட்டை. என்ன அழகு.

ஜூன் 10, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கண்காட்சிக் கூடத்தில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். இருபத்துமூன்று வாரம்; தாள், துணி, கம்பி, களிமண் என்று நான்கு வரிசை. பழைய ஆணி ஓட்டைகளை அடைக்க ஒரு கொத்தனார் வந்திருந்தார். வேலை முடிந்ததும் முதல் துணியிலிருந்து கடைசித் துணி வரைக்கும் மெதுவாக நடந்தார். திரும்ப நடந்தார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் — வெட்கங்கெட்டவள்.

"இது நெஜ அளவாம்மா?"

ஆமாம், அதுதான் என் விதி என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

பத்தாவது வாரத்துக் காலித் துணியைக் காட்டி இங்கே என்ன ஆயிற்று என்றார். பூசினார்கள், ஒரே வாரத்தில் அதுவும் பிளந்துவிட்டது என்றேன். அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடைசித் துணியின் சிவப்புப் பட்டைமேல் விரலை வைத்துப் பார்த்தார். விரல் அகலம் சரியாக இருந்தது.

"இந்த செவுத்துக்கு மேல யாரு இருக்காங்க?"

இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்கலையே. நான் கேட்கவே இல்லையே!

எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. பூட்டைத் திறந்து சுவரைப் பார்த்தேன், விதியில்லாமல், தாள் இல்லாமல், சும்மா. அது விரிசல் இல்லை. சுவர் இரண்டாக நிற்கிறது. உள்ளே விரல் போகிறது.

ஜூன் 11, புதன்

கட்டட எஞ்சினியர் காலையிலேயே வந்தார். பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டியதில் இந்த மூலையின் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறதாம். மாடியில் அக்காவின் பீரோவை நகர்த்தச் சொன்னார். பின்னால் அதே கோடு. பீரோவுக்கு ஒட்டினாற்போல் குழந்தைகள் கட்டில். இன்றே காலி பண்ணுங்கள் என்றார்.

அக்கா புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை வாரமா உனக்குத் தெரியும்?"

தெரியாது என்றேன். வாராவாரம் அளந்தேன், ஆனால் தெரியாது. எனக்கே கேவலமாக இருந்தது. அவள் மூட்டையை இறுக்கி முடிந்தாள். அத்தான் பூசியபோது கத்தினாயே என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தாலும் தேவலை.

ஜூன் 14, சனி

பகல் பதினோரு மணிக்கு விழுந்தது. என் அறையும் மேலே குழந்தைகள் அறையும். வீடு மூன்று நாளாகக் காலி. தெருவில் நின்று பார்த்தேன். புழுதி அடங்கினபோது கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத நாள் இது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டும் அந்தக் கட்டில்லதான் குதிச்சிக்கிட்டு இருக்கும். இதை மறுபடி மறுபடி எழுதுறேன், வேற எதுவும் எழுத வரல.

ஜூன் 20, வெள்ளி

கூடத்துக்காரர் போன் செய்தார். கூட்டம் நெரிகிறதாம். இடிபாட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து இருபத்துநாலாவதாக வைத்தால் பிரமாதமாக இருக்குமாம். வாயில் வந்ததைத் திட்டிவிட்டு வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த யோசனை எனக்கே வந்திருக்கும்.

அக்கா வாடகை வீட்டில் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை. அத்தான் எடுத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார்.

ஜூன் 28, சனி

எல்லாவற்றையும் கழற்றப் போனேன். கூடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என் கண்காட்சி ஒன்றுக்குக்கூட அவள் வந்ததில்லை.

நூலையும் கம்பியையும் அவள் பார்க்கவில்லை. கீழே இருந்த தேதிகளைப் படித்துக்கொண்டு வந்தாள். ஏப்ரல் பத்தில் நின்றாள். அந்த வாரம்தான் சின்னவளுக்கு அம்மை போட்டு எட்டு நாளும் அந்த மூலையிலேயே படுத்திருந்தாளாம். மே ஒன்றில் பெரியவள் தோழிகள் ஆறு பேரைக் கூட்டிவந்து அந்த அறையில் ஆடினாளாம். மே இருபத்திரண்டில் வெகுநேரம் நின்றாள்.

"அன்னைக்கு நீயும் மேல வந்த. சின்னவ பக்கத்துல படுத்து ஒரு மணி நேரம் தூங்கிட்டுப் போன. ஞாபகம் இருக்கா?"

இல்லை. நூல் நாலு இழை கோத்தது ஞாபகம் இருக்கிறது. சுவரில் சாய்ந்து அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. கழற்றாதே என்றாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் தேதிக்குக் கீழே, அன்று மாடியில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குழந்தைகள் பேர், அத்தான் பேர், ஊருக்குப் போயிருந்தால் அதுவும். கூடம் மூடும் நேரத்துக்குள் பதினேழு தேதிகள் முடிந்தன.

பேனாவை வாங்கி மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மீதி ஆறையும் நாளைக்கு எழுதலாம். பத்து மணிக்கே வந்துடு."