அந்தக் கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொல்

விம்கோ நகர்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள மகள் குழலிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பகலவனும் எழில் குட்டியும் கனடாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை. இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுமையாகப் படி. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போன் எந்நேரமும் உன் அப்பா கையில்தான் இருக்கிறது, நான் தொட்டால் யாருக்கு, எதற்கு என்று கேட்கிறார். அதனால் இதை எழுதி எதிர்வீட்டுக் கௌசரிடம் கொடுக்கிறேன், அவள் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படித்த வேகத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா எழுதியிருக்கிறாள் என்று மட்டும் உளறி வைக்காதே.

வீட்டு முன்னால் போட்ட கண்ணாடி ரூமைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன தடவை நீங்கள் வந்தபோது மணலித் தொழிற்சாலைக் காற்று ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தோமே, அதிலிருந்து இந்தத் தூசிக்குள் அவளைக் கூட்டிவர மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, பெற்றவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். பிறகு ஒருநாள் உன் வீட்டில் கண்ணாடியால் மூடின வெயில் ரூமைப் போனில் காட்டினாய். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே எழில் மெல்லிசு கவுன் போட்டுக்கொண்டு படம் வரைகிறாள். நம் வீட்டு முன்னாடியும் இப்படி மூடிவிட்டால் உங்கள் மூச்சுக்கும் நல்லது, நாங்கள் வருவதைப் பற்றியும் பார்க்கலாம்ப்பா என்றாய். நீ பார்க்கலாம் என்றுதான் சொன்னாய், உன் அப்பா அதை டிக்கெட் எடுத்தாகிவிட்டது மாதிரி எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே அலுமினிய வேலை செய்கிற வரதனைக் கூப்பிட்டு, ஸ்கூட்டர் நிற்கிற இடம், அவர் நாற்காலி போட்டு உட்கார்கிற இடம், வாசல்படி எல்லாவற்றையும் சேர்த்து மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே வெளிச்சம் வருகிற ஷீட்டு, முன்னால் தள்ளுகிற கதவு என்று போட்டு முடித்துவிட்டார். மீன் விற்கிற சிவந்தி பார்த்துவிட்டு, இன்னாக்கா நகைக்கட தொறந்துட்டீங்களா என்று கேட்டாள். தெருவே சிரித்தது, அவரும் சிரித்தார். நானும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

உங்கள் ஊரில் வெயிலைத் தேடிப் பிடித்து உட்கார வேண்டியிருக்கிறது. இங்கே அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. பத்து மணிக்கெல்லாம் அந்த ரூமுக்குள் கால் வைக்க முடியாது, தரை கொதிக்கும். ஒரு ஃபேன் இருக்கிறது, அது சூட்டையே சுற்றிச் சுற்றி மூஞ்சியில் அடிக்கும். ஆனாலும் கதவைத் திறக்க விடமாட்டார். அவர் என்ன செய்கிறார் தெரியுமா, காலையில் ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். சாயங்காலம் அதை எடுத்து உதறி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாகப் பார்க்கிறார். கறுப்பு விழவில்லை என்றால் என்னைக் கூப்பிட்டுக் காட்டி, பாருமே, எப்புடி வெள்ளையா கீது, கொயந்த தாராளமா வரலாம் என்கிறார். கொஞ்சம் கறுப்பு இருந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது, நான் எங்கேயோ கதவைத் திறந்துவிட்டேன் என்று என் மேல் பாய்கிறார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. போன மாதம் உன்னிடம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னோமே, அது காய்ச்சல் இல்லை. அவருடைய மூச்சு மருந்து இங்கே கிடைக்கவில்லை என்று நான் டோல்கேட் பக்கம் பெரிய மருந்துக்கடைக்குப் போனேன். நான் வெளியே போனால் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போவது உனக்குத் தெரியும். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் போகிறோம். வாசலில் உட்கார்ந்திருந்தால் போகிறவர் வருகிறவர் பார்த்துக்கொள்வார்கள், ஆட்டோ அம்புரோஸ் டீ வாங்கிக் கொடுப்பான், சிவந்தி கூடையை இறக்கிவைத்து ஊர்க்கதை பேசுவாள். பழகின கை, அன்றைக்கும் வீட்டு மரக்கதவைப் பூட்டியது. தூசி வரும், சாத்திட்டுப் போ என்றார், கண்ணாடிக் கதவையும் இழுத்துச் சாத்தினேன். பூட்டின கதவுக்கும் சாத்தின கண்ணாடிக்கும் நடுவில் அவரை வைத்துவிட்டுப் போகிறேன் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை, குழலி. அன்றைக்கென்று போன் வீட்டுக்குள்ளே சார்ஜில் இருந்தது.

நான் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. எழுந்து கதவைத் தள்ளியிருக்கிறார், வரவில்லை. அதற்கும் நான்தான் காரணம். வரதன் வேலை முடித்துப் போகும்போது கதவு ஓடுகிற பள்ளத்தில் தண்ணீர் படக்கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள் என்று சொன்னான். ஆனால் அது நம் வாசல் ஆயிற்றே, காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடாமல் எப்படி இருப்பது. உள்ளேயே தெளித்தேன், உள்ளேயே கோலம் போட்டேன், வழிந்ததைத் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினேன். காற்றில் வருகிற சாம்பலும் கோலமாவும் தண்ணீரும் சேர்ந்து அந்தப் பள்ளத்துக்குள் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு லேசாகத் தள்ள வந்த கதவு, மூச்சு வாங்குகிற மனுஷனுக்கு வரவில்லை. பிறகு வரதன் உளி வைத்துக் கொத்தும்போது, யம்மா நீ கோலம் போடல, கான்கிரீட்டு போட்டு வச்சிகீற என்றான்.

சிவந்தி அந்த நேரத்தில் தெருவோடு போயிருக்கிறாள். அவர் கண்ணாடியைத் தட்டிக் கையை ஆட்டியிருக்கிறார். அவள் இன்றைக்கு மீன் வேண்டாம் என்கிறார் என்று நினைத்து, அவளும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு, நைனா வேணான்றாருன்னு நெனச்சிகினு போய்ட்டேன்க்கா, சத்தம் ஒண்ணும் கேக்கலக்கா என்று அவள் அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. அவளை என்ன சொல்ல முடியும். நான் வந்தபோது அந்த வெள்ளை வேட்டி மேலேயே சாய்ந்து கிடந்தார், வாய் திறந்திருந்தது. நானும் கதவை இழுத்தேன், அவர் தள்ளின தள்ளலில் அது இன்னும் இறுகிக்கொண்டு அசையவில்லை. நான் போட்ட கூச்சலில் அம்புரோஸ் ஓடிவந்து ஜாக்கிக் கம்பியால் கண்ணாடியை உடைத்தான், அவன் கையெல்லாம் ரத்தம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு தடவை இந்தச் சூட்டில் இவரை வைத்தால் நுரையீரல் தாங்காது என்றும் சொன்னார்.

கண் விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா. தனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கண்ணாடி ஒடஞ்சிச்சா என்று கேட்டார். பாப்பாவுக்குச் சொல்லாத, அது பயந்துகினு வராம போயிடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், நீ இன்னும் அவருக்குப் பாப்பாதான். வீட்டுக்கு வந்த கையோடு வரதனை வரவழைத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுக் கண்ணாடி போடச் சொன்னார், அன்றைக்குத்தானே நீ கூப்பிடுவாய். ஏம்ப்பா இளைத்துவிட்டீர்கள் என்று நீ கேட்டதற்கு டயட்டு என்றாரே, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேனே, அந்தச் சிரிப்பு என் வயிற்றெரிச்சல்.

இப்போது மறுபடியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கோலத்தை நான் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டேன், பள்ளத்தைத் தினமும் துடைக்கிறேன், மரக்கதவைப் பூட்டுவதே இல்லை, அவரை விட்டு எங்கேயும் நகர்வதும் இல்லை. ஆனால் கதவு மூடித்தான் இருக்கிறது. கத்திரி வெயில் வரப்போகிறது. திறந்து வையுங்கள் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கம்முனு கிட சொக்கம்மா, கொயந்த வர்ற நேரத்துல வூடு கலீஜா கீதுன்னா பாப்பா இன்னா நெனைக்கும் என்கிறார். கௌசரும் அம்புரோஸும் சொல்லிப் பார்த்தார்கள், அவர்களோடு பேச்சையே குறைத்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, குழலி. அடுப்படியில் நிற்கும்போது அவர் இருமல் கேட்கவில்லை என்றால் கரண்டியோடு ஓடுகிறேன். நாற்பது வருஷம் தொழிற்சாலைப் புகையில் நின்று இந்த வீட்டைக் கட்டின மனுஷன், அதன் வாசலிலேயே வெந்து போவதைப் பார்க்கவா நான் உயிரோடு இருக்கிறேன்.

நீ வருவாயானால் எப்போது என்று சொல். வர முடியாது என்றால் அதையாவது சொல், அழுவார், அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் பார்க்கலாம் என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கௌசர் மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, ஒரு வார்த்தை வாழ்த்து அனுப்பு. எழிலுக்கு இழுப்பு வந்தால் வெந்நீர் கொடு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு விடாதே. நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே. நீங்கள் மூன்று பேரும் நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு, நோய்நொடி அண்டாமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த ஞாயிறு கூப்பிடும்போது கண்ணாடி பளபளப்பாக இருக்கிறது என்று சொல்லாதே. ஆஸ்பத்திரி சமாசாரம் எதுவும் தெரிந்ததாகவும் காட்டாதே, அவமானப்பட்டுப் போவார். சும்மா பேச்சோடு பேச்சாக, அப்பா, எனக்கு நம் தெருச் சத்தம் கேட்க வேண்டும் போல இருக்கிறது, அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று கேள். தினமும் கூப்பிட்டுக் கேள். வேட்டி கறுத்தால் கறுத்துப் போகட்டும், நான் துவைத்துக்கொள்கிறேன். நான் கேட்டால் திறக்க மாட்டார். நீ கேட்டால் எழுந்து போய்த் திறப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சொக்கம்மாள் நீலமேகம்