கைகுலுக்கும் படம்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கடமலைக்குண்டு பள்ளி மைதானம். பெண்கள் கபடி, அரையிறுதி. இறுதி ஆட்டம் மழையால் புதன்கிழமைக்குத் தள்ளிவைப்பு.

ஜெபமலர் வந்திருந்தாள். போடி கடைவீதிப் பாத்திரக்கடைக்காரரின் மகள். தேனி கல்லூரியில் இயற்பியல், இரண்டாம் ஆண்டு. கேமரா அவள் மாமாவின் ஸ்டுடியோவில் வாங்கிய இரவல். மழைக்காக அப்பா கடையின் பையை லென்ஸ் மேல் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

அடுத்த மாதம் மதுரையில் மாநிலப் போட்டி. ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை ஒட்டி உட்கார்ந்து படமெடுக்க ஒரு பாஸ் வேண்டும். நாளிதழில் பெயரோடு வந்த படங்கள் மூன்று காட்டினால்தான் பாஸ். கடைசி நாள் 14, வெள்ளி. இரண்டு வந்துவிட்டன: சின்னமனூர் ஓட்டப் பந்தயம், பெரியகுளம் கூடைப்பந்து. மூன்றாவதுக்குத்தான் இந்த அலைச்சல்.

தரையில் படுத்துப் படமெடுத்தவளை விழாக் குழுச் செயலாளர் மூன்று முறை எழுப்பிப் பார்த்தார். "ஏம்மா, இங்கன படுத்துக் கெடந்தா எப்படி? கெஸ்ட் வந்துட்டாக. அங்கன போய் நில்லு." விருந்தினர் சால்வையோடு வரிசையாகக் கைகுலுக்கினார். பிள்ளைகள் நனைந்துகொண்டே நின்றார்கள். அவருக்கு மட்டும் குடை. ஜெ. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் எடுத்த படம்: 'கபடி கபடி' என்று பாடப் போன தேவதானப்பட்டிப் பெண்ணை ஐந்து பேர் காலிலும் இடுப்பிலும் பிடித்துவிட்டார்கள். சேற்றில் விழுந்து கையை நீட்டுகிறாள். நடுக்கோட்டுச் சுண்ணாம்பில் ஒரே ஒரு விரல் நுனி. முப்பத்தோரு வருட நிருபர் வேலையில் இப்படி ஒரு விளையாட்டுப் படம் இங்கிருந்து போய் நான் பார்த்ததில்லை.

நிருபரின் எண்ணிலிருந்து வரும் படத்தைத்தான் டெஸ்க் எடுக்கும். அதனால் என் வழியாக அனுப்பினாள். அவள் பெயரை இரண்டு இடத்தில் எழுதி அனுப்பினேன். கூடவே, வழக்கம்போல, விருந்தினர் கைகுலுக்குவதாக என் போனில் எடுத்தது ஒன்று.

நவம்பர் 10, திங்கள்

வெயில். பேப்பர் பிரித்ததும் எரிச்சல்.

நான்கு பத்தி அகலத்துக்குக் கைகுலுக்கல். விருந்தினரின் பல், சால்வை, மோதிரம் எல்லாம் தெரிகிறது. ஆடிய பிள்ளைகளில் ஒருத்திக்காவது முழு முகம் இல்லை. இடது ஓரத்தில் ஏதோ கறுப்புத் திட்டு வேறு. அதைக்கூட வெட்டத் தோன்றவில்லை. ஜெ. படம் எங்கும் இல்லை.

டெஸ்க்குக்குப் போன். இடமில்லையாம். கபடிச் செய்தியில் கபடிக்கு இடமில்லையா என்று கேட்டேன். "அதான் கெஸ்ட் படம் இருக்கே சார்." வைத்துவிட்டேன்.

எத்தனை வருடமாக இதே கதை. ஓட்டப் பந்தயம் என்றால் கொடியசைப்பவர். கைப்பந்து என்றால் வலைக்கு முன்னால் வேட்டியில் ஒருவர், கையில் பந்து, எந்தப் பக்கம் அடிப்பது என்று தெரியாத முகம். கோப்பை என்றால் கொடுக்கும் கை. வாங்குகிறவள் முதுகைக் காட்டிக்கொண்டு. சேற்றில் விழுந்தவளுக்கு ஒரு பத்தி கிடையாது.

மாலை ஜெ. போன். அழவில்லை. ஒரே கேள்வி: "கெஸ்ட் படத்த யாரு சார் அனுப்புனாக?"

விழாக் குழுவிலிருந்து போயிருக்கும் என்றேன். பேப்பர் புரளும் சத்தம். பிறகு, சரி சார்.

பி.பி. மாத்திரை மறந்தது. கேஸ் புக் பண்ணணும்.

நவம்பர் 11, செவ்வாய்

போடி. ஏலக்காய்ச் செய்தி. பாத்திரக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டவிடவில்லை அவள் அப்பா. உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார். மேஜையில் நேற்றைய பேப்பர், நான்கு பிரதி.

"மக பேரத் தேடித் தேடிப் பாத்தேன் சார். கெஸ்டு பேருதான் மூணு எடத்துல இருக்கு." சொல்லிவிட்டுப் படத்தைத் தட்டினார். "எம் பிள்ளை சட்டைய அவுக அம்மா ரெண்டு தடவ தொவச்சாக. இன்னும் போகல. இவுக வேட்டியில பாருங்க, ஒரு பொட்டுச் சேறு இல்ல."

டீ வந்தது. ஏலக்காய்ச் செய்தி என்று சொல்லிக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து போனில் டெஸ்க்குக்கு அனுப்பியவற்றை மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆண்டிபட்டி, கம்பம், கூடலூர். சால்வை, சால்வை, சால்வை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விருந்தினர் இல்லாமல் ஒரு கிரிக்கெட் படம் அனுப்பி, போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கேட்காமலே ஒன்று சேர்த்து அனுப்புகிறேன். இரண்டும் போனால் எது அச்சாகும் என்று எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமையும் தெரியும்.

நேற்று ஒரு பக்கம் டெஸ்க்கைத் திட்டி எழுதியிருக்கிறேன். படத்தை எடுத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளிடம் சொன்னது பொய்.

நவம்பர் 12, புதன்

இறுதி ஆட்டம். மேகம், மழை இல்லை. மைதானத்தில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள்.

போனை பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

செயலாளர் ஓடி வந்தார். "அண்ணே, கெஸ்ட் கைய நீட்டிட்டு நிக்காக. போன எடுங்கண்ணே." இல்லை என்றேன். நம்பவில்லை, என் சட்டைப் பையைப் பார்த்தார். விருந்தினர் கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் செயலாளரே எடுத்தார்.

ஜெ. மறுபடியும் தரையில், தலைமுடியெல்லாம் மரத்தூள். தேவதானப்பட்டிக்குத் தோல்வி, இரண்டு புள்ளியில். ஆனால் படம் அந்தப் பெண்தான்: மறிக்க வந்தவளின் தோளுக்கு மேலே தாவுகிறாள், இரண்டு காலும் தரையில் இல்லை.

ஆட்டம் முடிந்து பெட்டியைத் திறந்தேன். அந்த ஒரு படம் மட்டும் அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் டெஸ்க். கெஸ்ட் படம் எங்கே?

"எடுக்கலை."

"ஏன் சார்?"

"அவர் ஆடலை."

விழாக் குழுவிடம் கேட்டுக்கொள்வார்களாம். கேட்டுக்கொள்ளட்டும்.

நவம்பர் 13, வியாழன்

ஐந்தரைக்கே பேப்பர் கட்டுப் பிரிக்கும் இடத்தில் நின்றேன். குளிர்.

மேலே மூன்று பத்தியில் கைகுலுக்கல், செயலாளர் உபயம். கீழே இரண்டு பத்தியில் ஜெ. படம். கணுக்காலோடு வெட்டியிருக்கிறார்கள் பாவிகள். தரையே இல்லை, தாவுகிறாளா, எதன் மேலாவது ஏறி நிற்கிறாளா என்று யாருக்குத் தெரியும்? அந்த விரல் நுனிப் படம் இனி எங்கும் வரப்போவதும் இல்லை. இதற்கு ஆறுதல் கிடையாது.

ஆனால் அடியில் இருக்கிறது, எறும்பு போல: படம்: ஜெபமலர். மூன்று.

பத்து மணிக்கு, தேனி பழைய பேருந்து நிலையத்தின் எதிரே பிரவுசிங் சென்டர். வெட்டிய மூன்று படங்களையும் ஸ்கேன் செய்து விண்ணப்பத்தில் ஏற்றினாள். முதல் இரண்டு முயற்சிக்கும் சிவப்பு, அப்புறம் பச்சை டிக். மூச்சு விட்டாள். படத்தில் கணுக்காலை வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் படம் எடுத்தது நான். அனுப்பியதும் நான்.

வெட்டிய துண்டுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும் சார். இடது ஓரத்துல உங்க விரல் இருக்கு. நீங்க எடுக்கிற எல்லாப் படத்துலயும் விழும்."