கடைசிச் சிப்பாயின் பெயருக்குக் கீழே

ஒக்டோபர் 12, ஞாயிறு

புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரின் வுச்சீரியாச் சந்தை உணவகத்தில் என்னோடு சமைக்கும் நேபாளி பிமல், தன் அப்பாவின் கூர்க்கா ரெஜிமென்ட் வரலாற்றுப் புத்தகத்தை இன்று காட்டினான். அப்பா 1987இல் இந்திய இராணுவத்தோடு போய் யாழ்ப்பாணத்தில் சண்டை பிடித்தவராம். அந்த அத்தியாயத்தின் முடிவில் இறந்த சிப்பாய்களின் பெயர்கள் இருந்தன.

"அந்த நேரம் நீங்களும் அங்கையோ?" என்று கேட்டான்.

"ஓம். அந்தச் சண்டையிலைதான் என்ரை அண்ணா செத்தவர்."

அவன் பதறிப் புத்தகத்தை மூடப் போனான். நான் பேனையை எடுத்து, கடைசிச் சிப்பாயின் பெயருக்குக் கீழே அண்ணாவின் பெயரைத் தமிழில் எழுதினேன்.

கேட்டு எழுதியிருக்கலாம். அவனுடைய அப்பா கோபிக்கக்கூடும். ஆனாலும் அழிக்க விடமாட்டேன்.

சற்றுமுன் பிமலின் செய்தி வந்தது. பக்கத்தைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினானாம். அந்தப் பெயரை எப்படி வாசிப்பது என்று அவர் கேட்கிறாராம்.

மெதுவாக, இரண்டு தடவை சொல்லிப் பதிந்து அனுப்பினேன்: சேவியர்.