இரண்டு பேர் உட்காரும் படகு

என் ஆட்டுக்கல் குழவி வீடு வந்து சேர்ந்துவிட்டது. மாடு ஓட்டிக்கொண்டு அணைக்குள் போன எதிர் வீட்டு மாதேஷ், தண்ணீர் வற்றிய சேற்றில் அது கிடப்பதைப் பார்த்துத் தோளில் தூக்கி வந்துவிட்டான். "பெரிம்மா, இது உங்க வூட்டுக் கொழவிதானுங்க? பெரிப்பா கட்டுன கயிறு இன்னும் அப்படியே இருக்குது" என்றான். குழாயடியில் வைக்கச் சொன்னேன். பாசியும் சேறும் மீனும் கலந்த அணை வாடை வாசல் முழுக்க அடித்தது. தூண்டில் போட்டுவிட்டு வரும் நாட்களில் உங்கள் சட்டையில் இருந்த அதே வாடை. எனக்கு ஏதாவது ஆகும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தேன்.

நீங்கள் போனதிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அது உடம்பு முழுக்க இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். அழுகை மட்டும் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவருக்காக அழ வரவில்லையென்றால் நான் என்ன மனுஷி என்று பயமாக இருக்கிறது. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

நீங்கள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வருஷம், மகள் பெங்களூரிலிருந்து அந்தப் படகை அனுப்பினாள். காற்றடிக்கிற படகு. முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். "அறுபது வயசுல இது எதுக்குங்க நமக்கு?" என்று கேட்டேன். "பரிசல்ல போனா பரிசல்காரன் சொல்ற எடத்துலதான் தூண்டி போடணும். இதுன்னா நம்ம இஷ்டம் புள்ள" என்றீர்கள். வாழ்நாள் முழுக்க ரூட் போட்டுக் கொடுத்த இடத்துக்கே போய் வந்தவர் நீங்கள். உங்கள் இஷ்டத்துக்குப் போக ஓர் அணை கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

முதல் நாள் துடுப்பு உங்கள் கையில்தான் இருந்தது. படகு நேராகப் பாறையைப் பார்த்துப் போனது. நீங்கள் துடுப்பை விட்டுவிட்டு வலது காலால் படகின் அடியை ஓங்கி மிதித்தீர்கள். பிரேக்காம்! பாறையில் முட்டி நின்ற பிறகும் கால் மிதித்தபடியே இருந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அன்றோடு துடுப்பு என் கைக்கு வந்துவிட்டது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவள் படகோட்டி ஆனேன். நான் பின்னால், நீங்கள் முன்னால். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனதில் அந்தச் சட்டைகளின் தையல்கூட எனக்கு மனப்பாடம்.

குழவி கதை அதற்கு அப்புறம். நம் பக்கத்து அணையில் நிழல் ஏது, மறைவு ஏது? சுற்றிலும் மொட்டைக் கரட்டுக் குன்றுகள், நடுவில் வெறும் தண்ணீர். ஒளிய இடம் இருந்தால்தான் ஜிலேபி மீன் கூட்டமாக நிற்கும் என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் வேலிக்கருவை முள்ளை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் அணைக்குள் இறக்கினீர்கள். முள் மிதக்காமல் இருக்க என் குழவியைக் கட்டிவிட்டீர்கள். பண்டிகைக்கு வடைக்கு ஆட்டப் போனபோதுதான் எனக்குத் தெரியும். ஆட்டுக்கல் இருக்கிறது, குழவியைக் காணோம். "மிக்சி இருக்குதில்ல?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த வாரம் முழுக்க நான் உங்களோடு பேசவில்லை.

ஆனால் மீன் வந்தது. பனைமரமும் அதற்குப் பின்னால் உள்ள கரட்டுப் பாறையும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் போதும், தக்கை தண்ணீரைத் தொட்டதும் அமிழும். "வெடுக்குனு இழுக்கக் கூடாது புள்ள. வாயி சின்னது, நழுவிப் போயிரும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். தூண்டில் உங்கள் கையில், புத்தி மட்டும் எனக்கு.

அந்தக் கோடையில் தண்ணீர் இறங்கியதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. எப்போதும் போல அதே இடத்துக்கு ஓட்டினேன். அடியில் ஏதோ உரசியது. பிறகு 'உஸ்' என்று ஒரு சத்தம். நாமே வெட்டி, நாமே கட்டி, நாமே இறக்கிய முள் நம் படகைக் கிழித்துவிட்டது! ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டே வர, நான் சாமியையெல்லாம் கூப்பிட்டபடி துடுப்புப் போட்டேன். நீங்கள் மீன் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சிரித்தீர்கள். கரை ஏறிச் சேற்றில் உட்கார்ந்தும் சிரிப்பு நிற்கவில்லை. "வேற எவனாச்சும் முள்ளப் போட்டிருந்தா ஸ்டேஷனுக்கே போயிருப்பேன்" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இப்போது எழுதும்போது அது வேறு யாருக்கோ நடந்த கதை போல இருக்கிறது.

மகளைப் பார்க்கக் கிளம்பிய அன்று மொரப்பூர் ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் உங்களை உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது உங்கள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள், யாரோ உங்கள் நெஞ்சை அமுக்கினார்கள். நான் இரண்டு டீயையும் எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன். அன்று மரத்ததுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "நீங்க தனியா அதுல போயிருவீங்களோன்னு பயமா இருக்குதும்மா. வித்துரலாம்." அரூரில் ஓர் ஆள் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவார் என்றாள். சரி என்றேன். எதைக் கேட்டாலும் இப்போது சரி என்றுதான் சொல்கிறேன். குழவி வந்த அன்றுதான், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்ப்போமே என்று தோன்றியது.

மறுநாள் காலை மாதேஷ், நீங்கள் பஞ்சர் ஒட்டி வைத்திருந்த படகைத் தூக்கி வந்து காற்றடித்துக் கொடுத்தான். கரையிலேயே இருக்கிறேன் என்று மாடுகளோடு நின்றுகொண்டான். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் இல்லாமல் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. சின்னக் காற்றுக்கே படகு சுற்றியது. வேறு வழியில்லாமல் முன் இருக்கைக்கு நகர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அணை எவ்வளவு பெரிதாக இருக்கிறது! இத்தனை நாள் உங்கள் முதுகு எனக்கு அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

புழுவைக் கோத்துத் தூண்டிலைப் போட்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தக்கை அமிழ்ந்தது. வெடுக்கென்று இழுக்கவில்லை. நிதானமாகத் தூக்கினேன். உள்ளங்கையை விடப் பெரிய ஜிலேபி, படகோரம் வந்து துள்ளியது. என் கண் மீனின் மேலேயே இருந்தது. என் இடது கை தானாகப் பின்னால் நீண்டது.

மீனை அள்ளுகிற கைவலைக்காக. மீன் பக்கத்தில் வந்ததும் நீங்கள் இப்படித்தான் நீட்டுவீர்கள். திரும்பிப் பார்க்க மாட்டீர்கள், கேட்கவும் மாட்டீர்கள். நீட்டிய கையில் நான் வலையை வைத்துவிடுவேன். உங்களைப் பார்த்துப் பார்த்து என் கையும் அதைப் படித்திருக்கிறது. நீட்டிய கை அப்படியே இருந்தது. யாரும் எதையும் வைக்கவில்லை. மீன் உதறிக்கொண்டு போய்விட்டது.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. அழுகை இல்லை, கோபம். உங்கள் மேல்தான். திரும்பிப் பார்க்காமல் கை நீட்ட உங்களுக்குக் கடைசி வரைக்கும் ஓர் ஆள் இருந்தது. எனக்கு? "எனக்கு யாரு இருக்குறா?" என்று சத்தமாகவே கேட்டேன். கரையிலிருந்து மாதேஷ், "என்னங்க பெரிம்மா?" என்று பதறினான். ஒன்றுமில்லை என்று துடுப்பை ஆட்டிக் காட்டினேன். கரை சேரும்வரை உங்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

இன்று மதியம் மகளுக்குப் போன் செய்து, படகைக் கொடுக்கப் போவதில்லை, அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். "ஏம்மா, என்னாச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"அப்பா மேல கோவமா இருக்கறேன். அது தீர்ற வரைக்கும் வூட்டுல இருக்கட்டும்" என்றேன்.