அலமாரிக்குள் வேலை நடக்கிறது

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் போன கை நின்றுவிட்டது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். அந்த டயர் கடையில் உன்னை இன்னும் எடுபிடியாகவே வைத்திருக்கிறார்களா? கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

போனில் பேசியிருக்கலாம். இருப்பது ஒரே அறை. நான் பேசுவது அவர் காதில் விழும், அவர் இருமுவது உன் காதில் விழும். இரண்டும் வேண்டாம்.

மாமா செய்வது தச்சு வேலை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? பாதி நாள் அது இல்லை. பெரிய வீடுகளில் ஆள் உள்ளே போய் நிற்கிற அளவுக்குத் துணி அலமாரி வைத்திருக்கிறார்கள். அதன் உள்சுவர் முழுக்க தேவதாருப் பலகை அடிப்பார்கள். அந்த வாசனைக்குக் கம்பளிக் கோட்டைப் பூச்சி அரிக்காதாம். அந்துருண்டை நாற்றம் அவர்களுக்கு ஆகாது. வார்னிஷ் அடித்தால் வாசனை அடைபட்டுவிடும், அதனால் வெறும் பலகையாகவே விடுவார்கள். அதுவும் போகப்போக மங்கிவிடும். அப்போது யாராவது உள்ளே உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், வாசனை மறுபடி வரும். அந்த யாராவது உன் மாமாதான்.

போன மாதம் கருவிப் பையைத் தூக்க முடியாமல் அவருக்கு மூச்சு வாங்கியது. நானும் கூடப் போனேன். வீட்டுக்கார அம்மா மரியாதையாகத்தான் பேசினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மாமா அலமாரிக்குள் போய் உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிட்டார். திறந்திருந்தால் படுக்கையில் தூள் படியுமாம். மாமாவும் உள்ளேயிருந்து, "நல்லா சாத்துங்கம்மா, இடுக்கு தெரியுது" என்கிறார். மூக்கில் கட்டியிருந்தது என்னுடைய பழைய துப்பட்டா.

கொஞ்ச நேரத்தில் இருமல் ஆரம்பித்தது. நிற்கவில்லை. அந்த வீட்டுச் சின்னப் பெண் ஓடி வந்து, "அலமாரிக்குள்ள யாரும்மா இருமுறது?" என்று கேட்டது. "யாரும் இல்லடா செல்லம், வேலை நடக்குது. நீ போய் விளையாடு" என்றார் அந்த அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

டாக்டரிடம் காட்டினோம். இந்த மரத்தூள் இவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி தொடத் தொட மோசமாகும், இன்றோடு விட்டுவிடுங்கள் என்றார். மாமாவின் பட்டறை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "மரத்தூள் என்னம்மா விஷமா? எல்லாம் மனசுதான்" என்று சிரித்தார். பட்டறைக்குள் அவர் தன் கண்ணாடி அறையின் கதவைத் திறந்து வைத்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். மாமாவை வாசலில் காவலுக்கு உட்கார வைப்பாராம். தேய்ப்பு வேலைக்கு நீ வர வேண்டும். நீ வந்தால் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற இந்த அறை எங்களுக்கு. வராவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "என் மச்சான் ஒல்லி, அலமாரிக்குன்னே அளவெடுத்துப் பண்ணின ஆளு" என்று சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து இருமல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே நீ படுகிற பாட்டுக்கு இது தேவலாம் என்று நிஜமாகவே நம்புகிறார். டாக்டர் சொன்னது தனக்கு மட்டும்தான் என்கிறார். தான் ராசியில்லாதவன், நீ அப்படி இல்லை என்கிறார்.

இப்போதும் கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எந்த பஸ், எங்க இறங்கணும், எல்லாம் தெளிவா எழுது. அவன் எங்கயாவது முழிச்சுக்கிட்டு நிக்கப் போறான்" என்கிறார். நான் தலையாட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

தம்பி, நீ வராதே.

அவர் போன் செய்வார். இருக்கிற வேலையே போதும், வர முடியாது என்று சொல். நன்றி கெட்டவன் என்பார், அக்காவை நடுத்தெருவில் விட்டாயே என்பார். கேட்டுக்கொள். நான் இப்படி எழுதியதை மட்டும் சொல்லிவிடாதே. நானும் போனை வாங்கி அவரோடு சேர்ந்து உன்னைத் திட்டுவேன். காதில் போட்டுக்கொள்ளாதே.

அறைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்காதே. தெரியாது.

மாமா உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னார். இந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் அவர் சொன்னபடி எழுதியது.

நீ அங்கேயே இரு. எத்தனை மாடி ஏறினாலும் மூச்சு வாங்காமல், நல்லா இரு.

உன் அக்கா