காலை ஒன்று, இரவு ஒன்று

மார்ச் 4, செவ்வாய்

பதினோரு தலை, நான்கு சவரம். கத்தரிக்குச் சாணை பிடிக்க வேண்டும்.

தபால்காரருக்குக் கிருதா இரண்டும் சமமாக வரவில்லை. இடது பக்கம் ஒரு நூல் கூடுதல். அதைக் குறைத்தால் வலது கூடுதலாகத் தெரிகிறது. இப்படியே ஏறி ஏறி, இரண்டும் காதுக்கு மேலே போய் நின்றன. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வளரும் பொருள்தானே, விடுங்கள் என்றார். இருபது வருட வாடிக்கை. நல்ல மனுஷன்.

கைதான் காரணம். வேலை செய்யும்போதுகூடப் பரவாயில்லை. சும்மா தொங்கும்போது விரல்கள் தாமாக எதையோ உருட்டிக்கொண்டிருக்கின்றன. தூக்கம் போதாது போல.

மார்ச் 9

மச்சினன் (என் மனைவியின் தம்பி, கடையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது) காலையில் கேட்டான்: “மாமா, யார் மேல கோபம்?”

யார் மேலும் இல்லை என்றேன்.

“அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? வர்ற ஆளு பயப்படுறான்.”

முப்பத்தொரு வருடமாக நாள் முழுக்கக் கண்ணாடி முன் நிற்கிறேன். பார்ப்பதெல்லாம் அடுத்தவன் முகம். இன்று என் முகத்தைப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரத்தில் சிரித்தும் பார்த்தேன். வாய் மட்டும் அகன்றது. கன்னம் கூட வரவில்லை. கண் வரவே இல்லை.

மார்ச் 17

துணிக்கடைக்காரரின் தாடைக்கு அடியில் கீறிவிட்டேன். ஆழமில்லை. படிகாரம் வைத்து அழுத்தினேன். அழுத்திய கையும் ஆடியது.  அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மச்சினன் வந்து கத்தியை என் கையிலிருந்து வாங்கினான். மீதியை அவன் முடித்தான். சவரமெல்லாம் இனி அவன் பார்த்துக்கொள்வானாம், நான் முடி மட்டும் வெட்டினால் போதுமாம். சரி என்றேன். 

மார்ச் 26

நரம்பு டாக்டர். டோக்கன் நாற்பத்து மூன்று. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே நான்கு நிமிடம்.

விரலைத் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். “நடுக்குவாதம். பார்க்கின்சன்னு சொல்லுவோம்” என்றார். சீட்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

குணமாகுமா என்று மனைவி கேட்டாள். குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். எதனால் வந்தது என்று நான் கேட்டேன். வயது என்றார். எனக்கு ஐம்பத்தாறு.

ஃபைலை அவர் திருப்பவே இல்லை. தலைச்சுற்றலுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

“அது பாட்டுக்குப் போடுங்க.”

அதற்குள் நாற்பத்து நான்கு உள்ளே வந்து நின்றுவிட்டது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். எதற்குக் கும்பிட்டேன் என்று பஸ்ஸில்தான் யோசித்தேன்.

ஏப்ரல் 2

புது மாத்திரை உள்ளே போகிறது, சாப்பாடு வெளியே வருகிறது.

ஏப்ரல் 5

எங்கள் தெரு டாக்டரிடம் போனோம். மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வீட்டுக்கே வந்து பார்த்தவர். தலைச்சுற்றல் மாத்திரையும் அவர் கொடுத்ததுதான். குமட்டலுக்கு இன்னொன்று எழுதினார். சாப்பாட்டுக்கு முன், மூன்று வேளை.

இப்போது மூன்று வகை. மனைவி ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். நான் ஒரு பள்ளிக்கூடப் பையன் போல ஆகிவிட்டேன், மணி அடித்தால் வாயைத் திறக்க வேண்டும்.

ஏப்ரல் 19

குமட்டல் நின்றது. மற்றதெல்லாம் கூடிவிட்டது. படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழ மூன்று முறை முயல வேண்டியிருக்கிறது. கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது.

இன்று சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிட்டாள். மேலிருந்து கீழே ஏழு. ஏழும் முடியும் வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் ரெண்டு பேரும் அழுதிருப்போம். 

ஏப்ரல் 28

மறுபடி நரம்பு டாக்டர். நோய் வேகமாகப் போகிறதாம். மாத்திரையைக் கூட்டினார்.

சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அதிகமான மாதிரி இருக்கிறது என்றேன்.

“சாப்பிடலேன்னா இன்னும் அதிகமாயிருக்கும்.”

 நல்லதானாலும் மாத்திரை சரி, கெட்டதானாலும் மாத்திரை சரி. தோற்கவே தோற்காத ஆட்டம். ஆடுவது என் உடம்பு.

மே 1

கடைச் சாவியை மச்சினனிடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். அவன் சட்டைப் பையில் போடப் போனேன். கை ஆடி, சாவி கீழே விழுந்தது. அவனே குனிந்து எடுத்துக்கொண்டான்.

மே 6

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் புரட்டினேன். எத்தனை தலை, எத்தனை சவரம், யாருக்குப் பேரன் பிறந்தான் — இவ்வளவுதான் இருக்கும்.

இன்று நான் பார்த்தது கையெழுத்தின் அளவை. போன வருடம் ஜூலையில் ஒரு வரிக்கு ஐந்தாறு சொல். டிசம்பரில் பதினொன்று. ஜனவரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. என் எழுத்தை நானே ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த்தான் படித்தேன். எப்போது இப்படிச் சுருங்க ஆரம்பித்தது? பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் போனேன்.

ஆகஸ்ட் 14: “தலை சுற்றியது. தெரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். காலை ஒன்று, இரவு ஒன்று.”

ஆகஸ்ட் 20: “சுற்றல் இல்லை. நல்ல மாத்திரை.”

அக்டோபர் கடைசியிலிருந்து எழுத்து சிறுக்கிறது.

ஃபைலில் அந்தப் பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். பதினைந்து நாள் என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார். செப்டம்பரில் வேறு எதற்கோ போனபோது, கீழே ஒரே சொல்: தொடரவும். எதுவரை என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்பது மாதம்!

மே 8

மருந்துக்கடைக்கார அம்மாவிடம் போனேன். மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்களே, அதை விரித்துப் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். நீண்ட நாள் எடுத்தால் சிலருக்குக் கை நடுக்கம், உடல் இறுக்கம், அசைவு குறைதல். நடுக்குவாதம் போலவே வரலாம். நடுக்குவாதம் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது.

பிறகு அவராகவே குமட்டல் மாத்திரையின் தாளையும் எடுத்தார். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். அதிலும் அதேதான்.

“நிறுத்துங்கன்னு நான் சொல்ல முடியாதுண்ணே. ஆனா நீங்க கேக்கலாம். கேக்குறதுக்குச் சீட்டு வேணாம்.”

மே 12

இரண்டு தாளையும் கொண்டுபோய் நரம்பு டாக்டர் மேசையில் வைத்தேன்.

“இன்டர்நெட் பாத்தீங்களா?”

“இல்லீங்க. பெட்டிக்குள்ள இருந்துச்சு.”

எல்லாத் தாளிலும் எல்லாம்தான் போட்டிருப்பார்கள் என்றார். அபூர்வம் என்றார். இதையெல்லாம் படித்தால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்றார். தாள்களை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அபூர்வமாக வருகிற ஆள் நானாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இது மாடிப்படி இறங்கும்போது தோன்றியது. ஏறிப்போய்க் கேட்கக் கால் வரவில்லை. அதுதான் தரையில் ஒட்டிக்கொள்கிறதே.

மே 13

வீட்டில் சண்டை. அந்த இரண்டு மாத்திரையையும் நிறுத்தப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

“அவங்க படிச்சவங்க. நீங்க முடி வெட்டுறவரு.”

இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா? அவ சொன்னது சரியா இருந்துட்டா? என் பிடிவாதத்துக்கு அவளையும் சேத்து இழுக்கிறேனா? முடி வெட்டுறவன்தான். இல்லேன்னு யார் சொன்னா. ஆனா உடம்பு என்னுதுதானே.

மே 15

தெரு டாக்டரிடம் தனியாகப் போனேன். போன வருட நாட்குறிப்பை ஆகஸ்டில் திறந்து வைத்தேன். பிறகு டிசம்பர். பிறகு இந்த வருடத்து ஜனவரி. கடைசியாக, தொடரவும் என்ற சீட்டு. 

அவர் பேனா மூடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

“இது என் கையெழுத்துதான்” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். தலைச்சுற்றல் மாத்திரையையும் குமட்டல் மாத்திரையையும் நிறுத்திப் பார்க்கலாம். நடுக்கத்துக்கான மாத்திரையை நானாக விடக் கூடாது, அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், நரம்பு டாக்டருக்கு அவரே கடிதம் எழுதுவார். மாசக்கணக்கில் ஆகும்.

சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

“தெரியல. ஆகாமலும் போகலாம்.”

எந்த டாக்டர் வாயிலிருந்தும் ‘தெரியல’ என்று கேட்டதில்லை. பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஜூன் 1

மாற்றம் இல்லை.

ஜூன் 10

காலையில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி பார்த்தாள். பழைய மாத்திரை அட்டை எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் நின்றது.

ஜூன் 23

மாற்றம் இல்லை. தேதியை மட்டும் எழுதிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

ஜூலை 9

சாம்பார் என்று நினைத்து, மச்சினன் டீயைச் சோற்றில் ஊற்றிவிட்டான்.

“என்னங்க, இப்ப சிரிச்சீங்களா?” என்றாள் மனைவி.

தெரியவில்லை என்றேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது போல.

ஆகஸ்ட் 3

பொத்தான், நானே. ஏழில் ஐந்து.

ஆகஸ்ட் 19

நரம்பு டாக்டர் நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஃபைலில் ‘மருந்தின் விளைவாக இருக்கலாம்’ என்று எழுதினார். வாயால் சொன்னது, “குட்.” அவ்வளவுதான். கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். அசதியாகத்தான் இருந்தது.

வரும் வழியில் மனைவி தெரு டாக்டரிடம் நுழைந்து, தன் முட்டிவலி மாத்திரையைக் காட்டி, இது எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 30

கடைக்குப் போகிறேன். முடி மட்டும். மதியம் ஆள் இல்லாதபோது பலூனை ஊதி, நுரை தடவி, கத்தியால் வழித்துப் பழகுகிறேன், தொழில் கற்ற நாளில் செய்தது போல. இன்று ஆறு பலூன். இரண்டு வெடித்தன.

நவம்பர் 8, சனி

இடது சுண்டுவிரல் இன்னும் அடங்கவில்லை. அடங்காமலே இருக்கலாம் என்று தெரு டாக்டர் சொல்லிவிட்டார்.

மச்சினன் சாப்பிடப் போயிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் பயணப் பையோடு வந்தார். நெடுந்தூரப் பயணம் போல, முகத்தில் களைப்பு. ஷேவிங் என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

துணியைப் போர்த்தினேன். நுரை தடவினேன். புது பிளேடு மாட்டினேன். அப்புறம் நின்றேன். சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை.

“ஐயா, எனக்குக் கொஞ்ச மாசமா கை சரியில்லாம இருந்துச்சு. இப்ப பரவாயில்ல. என் மச்சினன் அரை மணி நேரத்துல வந்துருவான். வேணும்னா இருந்து அவன்கிட்ட செஞ்சுக்கலாம்.”

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“கைய நீட்டுங்க.”

நீட்டினேன். இரண்டையும். சுண்டுவிரலை மறைக்கவில்லை. ஒரு நிமிடம் பார்த்தார். எவ்வளவு நாளாக நன்றாக இருக்கிறது, கத்தி எந்தக் கையில் பிடிப்பேன் என்று கேட்டார். இரண்டு மாதமாக, வலது கையில் என்று சொன்னேன்.

“செய்யுங்க” என்றார்.

தாடையை முடித்துக் கழுத்துக்கு வந்தபோது அவர் மூச்சு சீராகிவிட்டது. தூங்கிவிட்டார். ஒரு கீறல் இல்லை. துணியை எடுக்காமல், மச்சினன் வரும்வரை அப்படியே தூங்க விட்டேன்.